அயல்மண்ணில் ஓர் அறங்கூறவையம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பயங்கரவாதம் என்னும் சொல் கவியரங்குகளில் அடிக்கடி வந்துபோகும் சொல்லாகிவிட்டது. அதற்கு எதிராக மனிதநேயம் என்னும் சொல் வந்து நிற்கும், இரண்டையும் எதுகையோ மோனையோ இணைத்துவைக்கும், கைதட்டல் எழும். குண்டு வைத்தவன் யார், அவன் எந்த நாட்டில் இருக்கின்றான், எந்த நீதிமன்றம் எந்தச் சட்டத்தைக்கொண்டு அவனை விசாரிக்கும், அவன்தான் வைத்தான் என்பது எதனால் தெளிவாகும் என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை. அவை வழக்கறிஞர்க்கு உரியவை, கவிஞர்க்கு உரியவை அல்ல என்று ஒதுக்கப்படுகின்றன. அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. உறையூரில் இருந்த அறங்கூறவையத்தைச் சங்கப் புலவர்கள் பாட்டில் வைத்துப் போற்றினர். ஓர் ஊரின் பெருமை அதன் மதிலில் மட்டும் இல்லை, வழக்குக் கேட்கும் அவையிலும் உண்டு என்பது அவர்கள் கண்ட முடிபு. அந்த அவை சோழ நாட்டு மண்ணில், சோழ நாட்டார் வழக்கைக் கேட்டது. குற்றம் ஒரு நாட்டிலும், குற்றம் சாட்டப்பட்டவர் மற்றொரு நாட்டிலும், இறந்தோர் இருபது நாடுகளிலும் இருக்கும்போது அறங்கூறவையத்தை எங்கே அமைப்பது? இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் உலகம் இவ்வினாவுக்கு ஒருமுறை விடை கண்டது. அந்த விடையின் கதையே இவ்வுரை.

1988 டிசம்பர் 21, புதன்கிழமை. இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து மாலை 6.25 மணிக்குப் பான் ஆம் நிறுவனத்தின் 103-ஆம் எண் விமானம் நியூயார்க்கை நோக்கிப் புறப்பட்டது. கிறித்துமசுக்கு நான்கு நாட்களே இருந்தன. 7 மணி கடந்து இரண்டு மூன்று நிமிடங்களில், ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் 31,000 அடி உயரத்தில், சரக்கறையில் இருந்த ஒரு பெட்டி வெடித்து விமானம் சிதறிற்று. அதில் இருந்த 259 பேரும் மாண்டனர். எரிபொருள் நிறைந்த இறக்கைப் பகுதி லாக்கர்பி என்னும் சிற்றூரின் ஷெர்வுட் கிரசென்ட் தெருவில் விழுந்து எரிந்ததில், வீட்டிலிருந்த 11 பேர் மாண்டனர். ஆக 270 உயிர்கள், 21 நாட்டார். அவர்களுள் 190 பேர் அமெரிக்கர். சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் வழி ஐரோப்பாவில் ஒரு பருவம் பயின்றுவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர் 35 பேர். ஐ.நா.வின் நமீபிய ஆணையர் பெர்ன்ட் கார்ல்சனும் அதில் இருந்தார். நமீபிய விடுதலைக்கு வழிவகுத்த உடன்பாடு மறுநாள் நியூயார்க்கில் கையெழுத்தாக இருந்தது; அதனைக் காணச் சென்றவர் அவர்.

சிதைவுகள் ஏறத்தாழ 845 சதுர மைல் பரப்பில் விழுந்துகிடந்தன. ஆட்டு மேய்ச்சல் நிலங்களிலும், ஊசியிலைக் காடுகளிலும், ஓடைகளிலும் காவலரும் படையினரும் தன்னார்வலரும் வரிசையாக நின்று மண்ணைப் பார்த்தபடியே நடந்தனர். பாறை அல்லாததும் புல் அல்லாததுமான எதையும் எடுத்துப் பையில் இட வேண்டும் என்பதே அவர்க்கு இடப்பட்ட கட்டளையின் சாரம். இவ்வாறு எடுக்கப்பட்டவற்றுள் ஒரு சட்டையின் கருகிய கழுத்துத் துண்டு இருந்தது. அத்துண்டினுள் விரல்நகம் அளவுள்ள ஒரு மின்சுற்றுப் பலகைத் துணுக்கு சிக்கியிருந்தது. அத்துணுக்கு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்து நிறுவனம் ஒன்று செய்த நேரக்கருவியின் பகுதி என்றும், அந்நிறுவனம் அவ்வகைக் கருவிகளை லிபியாவுக்கு விற்றிருந்தது என்றும் புலனாய்வாளர் கூறினர். வெடிமருந்து தோஷிபா நிறுவனத்தின் வானொலியோடு கூடிய டேப் ரெக்கார்டர் ஒன்றனுள் வைக்கப்பட்டிருந்தது. அது பழுப்பு நிறச் சாம்சனைட் பெட்டியில், புதிய துணிகளுக்கு இடையே பொதியப்பட்டிருந்தது. துணிகளின் அடையாளச் சீட்டுகளைப் பின்பற்றிச் சென்றோர் மால்டாத் தீவின் ஸ்லீமா நகரில் ஒரு துணிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தனர்.

துணியைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. சான்றாகத் தேவைப்படாத துணிகள் மலைபோல் குவிந்தன. நெருப்பும் சேறும் விமான எரிபொருளும் படிந்த அவற்றை எரித்துவிடுதலே எளிய வழி. லாக்கர்பியின் பெண்கள் அதற்கு இசையவில்லை. ஒவ்வொரு சட்டையையும், காலுறையையும், குழந்தையின் உடுப்பையும் துவைத்து, தேய்த்து, மடித்து, இன்னார்க்கு உரியது எனத் தெரிந்தபோதெல்லாம் கடல்கடந்து அந்தந்த வீட்டுக்கு அனுப்பினர். அவர்களில் எவரும் இறந்தோரை அறியார். ஒரே பெட்டிக் குவியலிலிருந்து ஒரு துணி ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது. ஒரு துணி ஒரு தாயின் கைக்குச் சென்றது. பன்னாட்டு ஒத்துழைப்பு என்னும் சொற்றொடர் தூதரகங்களுக்கு மட்டும் உரியது என எண்ணுவோர் இந்தத் துவைகல்லையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

1991 நவம்பரில் ஸ்காட்லாந்தின் தலைமை வழக்கறிஞரும் அமெரிக்கத் தலைமை வழக்கறிஞரும் ஒரே வேளையில் இருவர்மீது குற்றம் சாட்டினர். ஒருவர் லிபிய உளவுத்துறையைச் சார்ந்தவர் எனக் கூறப்பட்ட அப்தெல்பாசெத் அல் மெக்ராகி. மற்றவர் மால்டாவில் லிபிய விமான நிறுவனத்தின் நிலைய மேலாளராக இருந்த லமீன் கலீஃபா ஃபிமா. சிக்கல் இங்கேதான் தொடங்கிற்று. அமெரிக்க விமானம், ஸ்காட்லாந்து வானம், பெட்டி மால்டாவிலிருந்து ஜெர்மனியின் பிராங்பர்ட் வழியாக இலண்டன் வந்தது என்பது வழக்கு, கருவி சுவிட்சர்லாந்தினது, குற்றம் சாட்டப்பட்டோர் லிபியர். ஒரு குற்றத்தின் துண்டுகள் ஆறு நாடுகளில் கிடந்தன. ஏழாவதாக ஒரு நாடு பின்னர் வந்து சேரும் என்பதை அன்று எவரும் எண்ணியிரார்.

விமானங்களுக்கு எதிரான குற்றங்கள் பற்றி 1971-இல் மாண்ட்ரியலில் ஒரு பன்னாட்டு உடன்படிக்கை செய்யப்பட்டிருந்தது. பிரிட்டன், அமெரிக்கா, லிபியா மூன்றும் அதற்குக் கட்டுப்பட்டவை. குற்றம் சாட்டப்பட்டவர் எந்த நாட்டில் இருக்கின்றாரோ அந்நாடு அவரை ஒப்படைக்க வேண்டும், அன்றேல் தானே வழக்குத் தொடுப்பதற்கு உரியோரிடம் வழக்கைச் சேர்ப்பிக்க வேண்டும் என்பது அதன் நெறி. லிபியா இந்நெறியையே பற்றிக்கொண்டது. தன் குடிமகனை அயல்நாட்டிடம் ஒப்படைக்கத் தன் சட்டம் இடந்தராது, தானே விசாரிக்கும், சான்றுகளை அனுப்புக என்றது. எழுத்தளவில் இவ்வாதம் வலுவுடையதே. ஆயினும் குற்றத்தை ஏவியது லிபிய அரசே என்பது குற்றச்சாட்டின் உட்பொருளாக இருக்கும்போது, அவ்வரசின் நீதிமன்றத்தில் அவ்வரசின் ஊழியரை விசாரிப்பது எங்ஙனம்? தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று திருவாரூர்ச் சோழனைப் போற்றுவது மேடைகளில் வழக்கம். அவ்வரசன் போற்றப்படுவதற்குக் காரணமே அவனைப்போல் இன்னொருவன் இல்லை என்பதுதான். அரசுகள் பொதுவாக அவ்வாறு செய்வன அல்ல. லிபியா மட்டும் இதற்கு விலக்கன்று, பெருவல்லரசுகளும் விலக்கல்ல.

1992 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்புச் சபை தன் 731-ஆம் தீர்மானத்தால் லிபியாவை ஒத்துழைக்குமாறு ஒருமனதாக வேண்டிற்று. லிபியா மார்ச் மாதத்தில் தி ஹேக் நகரத்துப் பன்னாட்டு நீதிமன்றத்தை அணுகிற்று. அங்கு வாய்மொழி வாதங்கள் முடிந்த மூன்றாம் நாள், மார்ச் 31 அன்று, பாதுகாப்புச் சபை 748-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, லிபியாவுக்கு விமானப் போக்குவரத்தையும் ஆயுத விற்பனையையும் தடைசெய்தது. ஆதரவு பத்து வாக்குகள், எதிர்ப்பு இல்லை, வாக்களியாமல் விலகி நின்றவை ஐந்து. அந்த ஐந்தனுள் இந்தியாவும் ஒன்று. சீனா, மொராக்கோ, ஜிம்பாப்வே, கேப் வெர்டே ஏனையவை. நீதிமன்றம் கேட்டுக்கொண்டிருக்கும் வழக்கில் அரசியல் அவை முந்திக்கொண்டது முறையா என்னும் வினா சட்ட அறிஞரிடையே இன்றும் தீரவில்லை. நீதிமன்றமோ ஏப்ரலில், ஐ.நா. சாசனத்தின்வழி வந்த கடமை பிற உடன்படிக்கைகளுக்கு மேற்பட்டது எனக் கொண்டு, லிபியா வேண்டிய இடைக்கால ஆணையை மறுத்துவிட்டது. 1993 நவம்பரில் தடைகள் மேலும் இறுகின.

இதன்பின் ஆண்டுகள் வீணே சென்றன. லிபியர் வெளிநாடு செல்லத் துனிசியா வரை சாலையில் போயினர். அல்லது மால்டாவுக்குக் கப்பல் ஏறினர். இத்தடையின் சுமை திரிப்போலியின் அரண்மனையைவிடத் தெருவையே மிகுதியாக அழுத்தியது. இறந்தோரின் பெற்றோர்க்கு நீதிமன்றமும் இல்லை, விடையும் இல்லை. இக்காலத்திலேயே பிரான்சு வேறொரு வழியைத் தேர்ந்தது. 1989 செப்டம்பரில் நைஜர் நாட்டுப் பாலைவனத்தின்மேல் வெடித்த யூ.டி.ஏ. 772 விமானத்தில் 170 பேர் மாண்டனர். அவ்வழக்கில் ஆறு லிபியரை, அவர்கள் கூண்டில் இல்லாமலே, பாரிஸ் நீதிமன்றம் 1999 மார்ச்சில் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. பிரெஞ்சுச் சட்டம் அதற்கு இடந்தருகின்றது. எனினும் வெற்றுக் கூண்டை நோக்கி வாசிக்கப்படும் தீர்ப்பில் எதிர்தரப்பின் வாதம் ஒலிப்பதில்லை. அது ஒரு பாதி அறங்கூறலே.

இந்தியர்க்கு நெருங்கிய ஒரு வழக்கையும் இங்கே நினைத்தல் தகும். லாக்கர்பிக்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன், 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' அயர்லாந்துக் கரைக்கு அப்பால் கடல்மேல் வெடித்து 329 பேர் மாண்டனர். அதிலும் குண்டு இருந்தது, உரியவர் ஏறாமல் தனியே வந்த பயணப்பெட்டியில்தான். உரியவர் இல்லாத பெட்டி ஏறலாகாது என்னும் பாடத்தை உலகம் அன்றே கற்றிருந்தால் லாக்கர்பி நேர்ந்திராது என்று எண்ண இடமுண்டு. கனடாவின் உளவுத்துறை தான் பதிவுசெய்த ஒலிநாடாக்களுள் மிகப் பலவற்றை அழித்துவிட்டது. காவல்துறையும் உளவுத்துறையும் ஒரே நாட்டுக்குள்ளேயே ஒத்துழைக்கவில்லை. 2005 மார்ச்சில் குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுதலையாயினர். குண்டுகளைச் செய்ய உதவிய ஒருவர் மட்டுமே தண்டனை பெற்றார். நாடுகள் ஒத்துழைக்கவில்லை என்று கூறுமுன், ஒரு நாட்டின் இரு அலுவலகங்கள் ஒத்துழைத்தனவா என்று கேட்க வேண்டியிருக்கின்றது.

லாக்கர்பி வழக்கின் முடிச்சை அவிழ்க்கும் எண்ணம் எந்த அமைச்சகத்திலும் தோன்றவில்லை. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஸ்காட்லாந்துச் சட்டம் கற்பித்த இராபர்ட் பிளாக் என்னும் பேராசிரியர் 1994-இல் அதனை முன்மொழிந்தார். அவர் பிறந்த ஊர் லாக்கர்பி. சட்டம் ஸ்காட்லாந்தினதாக இருக்கட்டும், இடம் இரு தரப்புக்கும் சாராத மூன்றாம் நாடாக இருக்கட்டும் என்பதே அவர் கருத்து. மகள் ஃபுளோராவை இந்த விமானத்தில் இழந்த மருத்துவர் ஜிம் ஸ்வயர் இதற்காக அலைந்தார்; லிபியத் தலைவர் கடாபியையே நேரில் சென்று கண்டார். பிரிட்டனும் அமெரிக்காவும் நான்காண்டுகள் இக்கருத்தை ஏற்கவில்லை. ஸ்காட்லாந்துச் சட்டத்தின் பெருமை ஸ்காட்லாந்தில்தான் இருக்க வேண்டும் என்றனர்.

அவர்கள் மனம் மாறியதற்குக் காரணம் அறிவுரை மட்டுமன்று. 1998 ஜூனில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, வழக்கு மூன்றாம் நாட்டில் நடைபெற இசையாவிடில் செப்டம்பர் முதல் தடைகளைத் தாம் பின்பற்றப்போவதில்லை என்று அறிவித்தது. தடை என்னும் அணையில் விரிசல் கண்டது. நெல்சன் மண்டேலாவின் பங்கு இங்கே பெரிது. 1997-இல் அவர் லிபியாவுக்கும் சென்றார், காமன்வெல்த் மாநாட்டுக்காக எடின்பரோவுக்கும் சென்றார். முறையிடுவோரும் வழக்குத் தொடுப்போரும் தீர்ப்பளிப்போரும் ஒரே நாட்டாராக இருத்தல் ஆகாது என்று எடின்பரோவிலேயே கூறினார். அக்கருத்து இலண்டனுக்கு உவப்பாக இருந்திராது. ஆயினும் இருபத்தேழு ஆண்டு சிறையிருந்தவர் நீதிமன்றத்தைப் பற்றிக் கூறும்போது கேளாதிருத்தல் எவர்க்கும் அரிது.

1998 ஆகஸ்டில் இரு அரசுகளும் இசைந்தன, பாதுகாப்புச் சபை 1192-ஆம் தீர்மானத்தால் வரவேற்றது, நெதர்லாந்து இடமளித்தது. ஏழாவது நாடு இதுவே. உத்ரெக்ட் நகருக்கு அருகில் ஸைஸ்ட் முகாம் என்று ஓர் இடம் உண்டு. முன்னர் அமெரிக்க விமானப்படை பயன்படுத்திய தளம். அங்கிருந்த பழைய பள்ளிக் கட்டடம் நீதிமன்றமாயிற்று. மண் நெதர்லாந்தினது, வேலிக்குள் நடைபெற்ற சட்டம் ஸ்காட்லாந்தினது, காவல் புரிந்தோர் ஸ்காட்லாந்துக் காவலர். இதற்காக ஒவ்வொருவரும் ஒன்றை விட்டுக்கொடுத்தனர். லிபியா தன் குடிமக்களை ஒப்படைப்பதில்லை என்னும் உறுதியை விட்டது. அமெரிக்கா தன் நீதிமன்றத்தில்தான் விசாரிப்போம் என்பதை விட்டது. நெதர்லாந்து தன் மண்ணின் ஒரு பகுதியில் தன் நீதிமன்ற ஆட்சியை ஒதுக்கிவைத்தது. ஸ்காட்லாந்து விட்டுக்கொடுத்தது தன் மரபின் உயிர்ப்பகுதியை: கொலை வழக்கைப் பதினைந்து பொதுமக்கள் கொண்ட ஜூரிக் குழு கேட்டுத் தீர்ப்பது அந்நாட்டு முறை, இவ்வழக்கில் மட்டும் மூன்று நீதிபதிகள் ஜூரியின்றிக் கேட்டனர்.

இவையன்றி வெளியே சொல்லப்படாத ஒரு விட்டுக்கொடுத்தலும் நிகழ்ந்தது. இவ்வழக்கு லிபிய ஆட்சியை நிலைகுலைக்கும் கருவியாக்கப்படாது என்னும் உறுதிமொழி, ஐ.நா. பொதுச் செயலர் கோஃபி அன்னான் 1999 தொடக்கத்தில் கடாபிக்கு எழுதிய மடலில் இடம்பெற்றிருந்தது. அம்மடல் மறுஆண்டே வெளிவந்தது. ஏவப்பட்டோர் எனக் கூறப்பட்ட இருவர் கூண்டுக்கு வருவர். ஏவியோர் யார் என்னும் வினா கூண்டுக்கு வெளியே நிற்கும் என்பதே அதன் நடைமுறைப் பொருள். இந்த விலை மிகையா, வேறு வழி இருந்ததா என்பதில் இறந்தோர் குடும்பத்தாரே ஒருமித்திலர். இந்த விலை இன்றேல் கூண்டே அமைந்திராது என்பது மட்டும் உறுதி.

1999 ஏப்ரல் 5 அன்று ஐ.நா.வின் சட்டத்துறைத் தலைவர் ஹான்ஸ் கொரெல் திரிப்போலிக்குச் சென்று, இருவரையும் விமானத்தில் உடனழைத்து நெதர்லாந்துக்குக் கொண்டுவந்தார். அன்றே தடைகள் நிறுத்திவைக்கப்பட்டன.

2000 மே 3 அன்று விசாரணை தொடங்கிற்று. அமர்வுகள் எண்பத்து நான்கு நாட்கள் நடந்தன. சாட்சிகள் இருநூற்றுவர்க்கு மேற்பட்டோர். குண்டு துளைக்காத கண்ணாடிக்கு அப்பால் குடும்பத்தார் அமர்ந்து கேட்டனர். நேரில் வர இயலாதோர்க்காக டம்ஃபிரீஸ், இலண்டன், நியூயார்க், வாஷிங்டன் ஆகிய இடங்களில் திரையமைத்துக் காட்டினர். கவிஞர்கள் இவ்விசாரணையைக் கூர்ந்து நோக்குதல் நன்று. ஏனெனில் அங்குச் சொற்கள் எடைபோடப்பட்ட முறை வேறு எங்கும் காண அரிது.

மால்டாக் கடைக்காரரின் சாட்சியத்தைக் கொள்க. ஒரு லிபியர் தம் கடையில் அளவும் பொருத்தமும் பாராமல் துணிகள் வாங்கினார் என்றும், அவர் புறப்படும்போது தூறல் இருந்ததால் ஒரு குடையும் வாங்கினார் என்றும் அவர் கூறினார். அது எந்த நாள்? மெக்ராகி மால்டாவில் இருந்தது டிசம்பர் 7. அன்று ஸ்லீமாவில் தூறல் விழுந்ததா? வானிலைத் துறையின் ஏடுகள் பார்க்கப்பட்டன. நவம்பர் 23 அன்று மழைக்குச் சான்று வலுவாக இருந்தது. டிசம்பர் 7 அன்று சில துளிகள் விழுந்திருக்கக் கூடும் என்ற அளவே. தெருவில் கிறித்துமசு விளக்குகள் ஏற்றப்பட்டிருந்தனவா என்பதும் வினாவாயிற்று. இருநூற்றெழுபது உயிர்களின் வழக்கு ஒரு குடையின்மேல் விழுந்த தூறலைப் பற்றி நின்றது. இது நகைப்புக்குரியதன்று. தூறலைக்கூடக் கேளாமல் ஒருவரைத் தண்டிக்கலாகாது என்னும் பிடிவாதம் அது.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை இவ்வவைக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அங்கும் சான்று இருந்தது. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்பது உடைத்தால் ஒரு நொடியில் தெரிவது. தண்டனை முந்திற்று, சான்று பிந்திற்று. அவ்வளவே அங்கு நேர்ந்தது. அதில் மன்னன் கொடியவன் அல்லன். அவன் நம்பத்தகுந்த ஒருவன் கூறியதை ஆராயாமல் நம்பினான். பயங்கரவாத வழக்குகளில் நம்பத்தகுந்தோர் என்று வருவோர் பெரும்பாலும் உளவுத்துறையினர். ஸைஸ்டிலும் அவ்வாறு ஒருவர் வந்தார். மால்டாவில் பணியாற்றி அமெரிக்க உளவுத்துறையிடம் ஊதியம் பெற்ற லிபியர் அவர். அவரைப் பற்றிய உளவுத்துறைத் தந்திகள் முதலில் கருமை பூசி மறைக்கப்பட்டே தரப்பட்டன. எதிர்தரப்பு வற்புறுத்தியபின் மறைப்புகள் பல நீங்கின. பணத்துக்காகக் கதை வளர்ந்தமை புலனாயிற்று. முதன்மைச் செய்திகளில் அவர் சொல்லை நம்புவதற்கில்லை என நீதிபதிகள் ஒதுக்கினர். ஒரு வல்லரசின் உளவுத்துறை மறைத்ததை ஒரு சிறிய நாட்டின் நீதிமன்றம் திறந்து பார்த்தது. ஒத்துழைப்பு என்னும் சொல்லுக்கு அந்த நாளில்தான் பொருள் கிடைத்தது.

2001 ஜனவரி 31 அன்று தீர்ப்பு வந்தது. மெக்ராகி குற்றவாளி; ஃபிமா குற்றவாளி அல்லர். அக்காலத்து ஸ்காட்லாந்துச் சட்டத்தில் தீர்ப்புகள் மூன்று வகை: குற்றவாளி, குற்றவாளி அல்லர், மெய்ப்பிக்கப்படவில்லை. ஐயத்தின் நிழலைத் தங்கவிடும் அந்த மூன்றாம் சொல்லை நீதிபதிகள் ஃபிமாவுக்குச் சூட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பத்தாண்டுகள் உலகச் செய்தித்தாள்கள் 'லாக்கர்பிக் கொலையாளிகள்' எனப் பன்மையில் எழுதிவந்தன. அந்தப் பன்மை விகுதி ஒரு காலை வேளையில் பொய்யாயிற்று.

ஒருமையும் ஐயத்துக்கு உள்ளாயிற்று என்பதைக் கூறாது விடுதல் நேர்மையன்று. ஐ.நா.வின் பார்வையாளராக வந்திருந்த ஹான்ஸ் கோக்லர் தீர்ப்பைக் கடுமையாகக் குறைகூறினார். 2002 மார்ச்சில் மேல்முறையீடு தள்ளப்பட்டு, மெக்ராகி கிளாஸ்கோச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 2007 ஜூனில் ஸ்காட்லாந்தின் குற்றவழக்கு மறு ஆய்வு ஆணையம், ஆறு காரணங்களால் நீதி பிழைத்திருக்கக் கூடும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. டிசம்பர் 7 என்னும் நாளை நீதிபதிகள் ஏற்றதற்குத் தக்க அடிப்படை இல்லை என்பது அவற்றுள் ஒன்று. அடையாள அணிவகுப்புக்குச் சில நாட்கள் முன்பே கடைக்காரர் ஒரு வார இதழில் மெக்ராகியின் படத்தைப் பார்த்திருந்தார் என்பதும், வழக்குக்குப் பின் அவர்க்கு அமெரிக்காவிடமிருந்து வெகுமதி கிடைத்தது என்பதும் வெளிவந்தன. 2009 ஆகஸ்டில் புற்றுநோயால் நலிந்த மெக்ராகி மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றார். இரக்கத்தின் பேரில் விடுவிக்கப்பட்டார். 2012 மே மாதம் திரிப்போலியில் இறந்தார். அவர் குடும்பத்துக்காக மீண்டும் வந்த மேல்முறையீட்டை 2021 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் தள்ளினர். சட்டத்தின் கண்ணில் தீர்ப்பு நிற்கின்றது.

குடும்பத்தார் நடுவே அது நிற்கவில்லை. அமெரிக்கக் குடும்பங்கள் பல தீர்ப்பை முழுமையாக ஏற்றன; விடுதலையின்போது திரிப்போலியில் கொடியசைத்து வரவேற்பு நிகழ்ந்ததைக் கண்டு குமுறின. ஜிம் ஸ்வயரோ விசாரணையைத் தொடக்கம் முதல் இறுதி வரை கேட்டவர். தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது மயங்கி விழுந்தவர். சான்றுகள் தண்டனைக்குப் போதா என்னும் முடிவோடு அவர் வெளிவந்தார். மெக்ராகியைச் சிறையில் சென்று கண்டார். நீதிமன்றம் வேண்டும் என்று கடாபியின் கூடாரம்வரை சென்றவரே, தீர்ப்பு பிழை என்றார். தம் மகளைக் கொன்றோர் பிறர் என்றால் அவர்கள் தண்டனையின்றித் திரிகின்றனர் என்பது அவர் துயரம். ஒரே நாளில் ஒரே விமானத்தில் மக்களை இழந்தோர் ஒரே தீர்ப்பால் இரு பிரிவாயினர். இவ்விருவகைத் துயரங்களுள் எது மெய் என்று கேட்பது தவறான கேள்வி.

2003 ஆகஸ்டில் லிபியா தன் அலுவலர்களின் செயலுக்குப் பொறுப்பேற்பதாகப் பாதுகாப்புச் சபைக்கு எழுதி, 270 கோடி டாலர் இழப்பீட்டுக்கு இசைந்தது. செப்டம்பரில் தடைகள் நீங்கின. பொறுப்பேற்றல் என்னும் சொல் குற்றத்தை ஒப்புக்கொண்டதா, தடையை நீக்குவதற்குத் தரப்பட்ட விலையா என்பதற்கு லிபிய அரசியலாரே முரண்பட்ட விடைகள் கூறினர்.

கடாபி 2011-இல் வீழ்ந்தபின் வழக்கு மீண்டும் உயிர்பெற்றது. குண்டைச் செய்தவர் எனக் கூறப்படும் அபு அகிலா மசூத் என்பார்மீது, 2020 டிசம்பர் 21 அன்று, விமானம் வீழ்ந்து முப்பத்திரண்டு ஆண்டு நிறைந்த நாளில், அமெரிக்கா குற்றம் சாட்டிற்று. 2022 டிசம்பரில் அவர் அமெரிக்கக் காவலுக்கு வந்தார். வந்த முறை 1999-ஐப் போன்றதன்று. திரிப்போலியில் வீட்டிலிருந்த முதியவரை ஆயுதம் தாங்கியோர் கொண்டுசென்றனர் என்று குடும்பத்தார் முறையிட்டனர். அங்கிருந்த அரசோ ஒப்படைத்தது முறைப்படியே என்றது. ஐ.நா.வின் சட்ட அலுவலர் எவரும் அவ்விமானத்தில் உடன் வரவில்லை. மூன்றாம் நாட்டில் பள்ளிக் கட்டடம் எதுவும் ஒழுங்கு செய்யப்படவில்லை. அவர்மீதான வழக்கு பெரிதும் சார்ந்திருப்பது, 2012-இல் லிபியச் சிறையில் இருந்தபோது அவர் அளித்ததாகக் கூறப்படும் ஒரு வாக்குமூலத்தை. 2023 பிப்ரவரியில் வாஷிங்டன் நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை மறுத்தார். அவ்வாக்குமூலம் அச்சுறுத்திப் பெறப்பட்டது என்பது எதிர்தரப்பின் வாதம்.